சத்தம் போடும் முழங்கால்

செயற்கைக் கால்கள் செய்யும் நிறுவனத்தில் தமயந்தி மெக்கானிக்கல் இன்ஜினியர். அவள் வடிவமைத்த கால், ஒரு காலை இழந்த சேவியருக்கு நன்றாகப் பொருந்தியது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மூட்டு ‘டக்’கென்றது. பல வாரம் மல்லாடி, உள்ளே ஒரு சின்ன வளையத்தை மாற்றி அந்தச் சத்தத்தை அடக்கினாள். கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள்.

மறுவாரமே சேவியர் திரும்பி வந்து நின்றான்.

“வலிக்குதா?” என்று பதறினாள்.

“இல்ல மேடம், நடை அருமையா இருக்கு. ஆனா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்க பாப்பா வாசலுக்குத் தவழ்ந்து வரும். இப்ப நான் வர்றதே அதுக்குத் தெரியல.”

தமயந்தி அவனை முறைத்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டைக் கழற்றிப் பழைய வளையத்தையே மாட்டினாள். அவன் எழுந்து நடந்தான்; ‘டக், டக்’கென்றது.

“போதுமா,” என்றாள், “இன்னும் கொஞ்சம் கூட்டவா?”