முழுங்காத மாத்திரைகள்

“ரெண்டு வாய் உள்ள போயிடுச்சுல்ல? மாத்திரையைப் போட்டுட்டு மீதியைச் சாப்பிடு” என்று தங்கையின் முன்னால் டம்ளரை நகர்த்தினார் அண்ணன்.

தங்கை வீங்கிய கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மாத்திரையை வாங்கினாள். வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

“நாலு நாளாச்சு. இன்னும் வத்தலையே” என்றாள் அண்ணி, குழைந்த சோற்றில் இன்னொரு கரண்டி வைத்தபடி. ஆறு வருஷமாக நாத்தனாரிடம் தேவைக்கு மேல் வாய் திறக்காதவள், இந்த ஒரு மாதமாக அவளைத் தரையில் நடக்க விடாத குறைதான்.

“ஒரே மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்தாம்” என்றார் அண்ணன். “ஒண்ணு கிருமியைக் கொல்லுமாம். கிருமி அதை முறிச்சிடாம இன்னொண்ணு காவல் காக்குமாம். அஞ்சு நாள், பத்து மாத்திரை. வலி போனாலும் நடுவுல விடக்கூடாதுன்னு மருந்துக்கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. முழுசா முடிக்கட்டும், வத்திடும்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள வத்தணுமே. பல் டாக்டர் சரின்னு சொன்னாத்தானே மத்த காரியம் நடக்கும்?”

தங்கை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் மத்தியானமே கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பிவிட்டார் அண்ணன். மழை பிடித்துக்கொண்டது. தங்கை அறை ஜன்னல் திறந்து கிடந்தது. அவளுடைய தையல் மெஷின் நனைந்துகொண்டிருந்தது. அவசரமாக அதை இழுத்ததில் நூல்கண்டு டப்பா கீழே விழுந்து வாய் பிளந்தது.

நூல்கண்டுகளுக்கு நடுவே மாத்திரைகள். எச்சில் ஈரத்தில் பூத்து, ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எண்ணினார். ஏழு.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் சீருடைக் கம்பெனியிலிருந்து வந்த தங்கை, அவர் உள்ளங்கையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றாள்.

“ஒத்துக்கலையா? தடிப்பு, அரிப்பு, மூச்சு முட்டல், ஏதாவது?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்புறம் ஏன்? நான் எதிர்ல நிக்கிறப்பவே நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சியா?”

“முதல் நாள் ரெண்டையும் ஒழுங்கா முழுங்கினேன்ணா. வலி தாங்கல. அப்புறம் கன்னம் கொஞ்சம் வத்தின மாதிரி இருந்துச்சு. பயம் வந்துடுச்சு.”

“வத்தினா நல்லதுதானே, பயம் எதுக்கு?”

“வத்தினா நாள் குறிச்சிடுவாங்களே.”

அவர் கையிலிருந்த மாத்திரைகளைக் கீழே வைத்தார்.

“உன்னை யாரும் கட்டாயப்படுத்தலையேம்மா” என்றார் மெதுவாக. “உன்னைக் கேட்டுத்தானே...”

“கேட்டீங்க. நானும் சரின்னேன். அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. பிள்ளைங்க ரெண்டும் என் மூஞ்சியையே பாக்குதுங்க. அந்த இடத்துல மாட்டேன்னு எப்படிண்ணா சொல்றது?” அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். “ராத்திரி கண்ணை மூடினா நெஞ்சு அடிச்சுக்குது. என்னால முடியாது. நான் பாவிதான்.”

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காய்ச்சலில் கொதித்த அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“பல்லுல இருக்கிற சீழ் ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து, தெரியுமா? இப்பவே கிளம்பு, பல் டாக்டரைப் பாத்துடலாம். மறைக்காம நடந்ததைச் சொல்லு. இதையே முதல்லேர்ந்து தரதா, வேற தரதான்னு அவர் முடிவு பண்ணட்டும். இந்தத் தடவை முழுங்கிடு. வேற யாருக்காகவும் இல்ல, உனக்காக.”

“அப்ப மத்தது?”

“அதை நான் பாத்துக்கறேன். உங்க அண்ணி காதுக்கு எதுவும் போகாது.”

மறுநாள் காலை, மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, மாடிப்படியில் உட்கார்ந்து போன் செய்தார்.

“தங்கச்சி விஷயத்தை விட்டுடலாம் சார். இல்ல, அவ மாட்டேன்னு சொல்லல, நான்தான் சொல்றேன். என் வீட்டுக்காரி கேட்டா பொருந்தலைன்னு சொல்லிடுங்க.”

மறுமுனையில் நெடுநேரம் எடுத்துச் சொன்னார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“தெரியும் டாக்டர். அவ கிட்னி அவகிட்டயே இருக்கட்டும். எனக்கு வேற யாராவது கிடைக்கிற வரைக்கும் வாரம் மூணு நாள் அந்த டயாலிசிஸ் மெஷின்லயே ஓட்டிக்கறேன்... கிடைக்கலைன்னாலும்.”