மூக்குத்தியும் மீசையும்

விழுப்புரம் பெரியாஸ்பத்திரி வராந்தாவில், பிறந்ததிலிருந்து காது கேட்காத கலைப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாதத்தின் மேல் ஜன்னல் வெயில் விழுகிறது. காலையில் ஒலக்கூரிலிருந்து ஒரே வண்டியில் கிளம்பிய அவள் அம்மாவும் அப்பாவும் திண்டிவனம் பைபாஸில் லாரி மோதி உள்ளே கிடக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் பெண் அவள் தோளைத் தொடுகிறாள். "ஏம்மா, உன் தம்பி கூப்ட்டுக்கினே வர்றான் பாரு." கண்ணைத் திறக்கிறாள். அம்மா அப்பா இருவர் துணியும் திணித்த கட்டைப்பையை இரண்டு கைகளாலும் அணைத்தபடி திருமுருகன் எதிரே நிற்கிறான். "அக்கா" என்கிறான். பிறகு உதடுகள் ஒட்டிப் பிரிகின்றன. கடைசியில் "போயிட்டாங்க" என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. யார் என்பதுதான் தெரியவில்லை. அம்மா என்றாலும் அப்பா என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். அதனால் வீட்டில் அவன் அம்மாவுக்கு மூக்குத்தி இடத்தைத் தொட்டுக் காட்டுவான், அப்பாவுக்கு மீசையை முறுக்கிக் காட்டுவான். இன்று அது மறந்து, பையை இறுக்கிக்கொண்டு, உதடு ஒட்டிப் பிரியும் அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்ப வாயால் சொல்கிறான். அவள் பையை வாங்கிக்கொண்டால் போதும், அவன் கை முகத்துக்குப் போய்விடும். கலைப்பிரியா தன் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்து மறைத்துக்கொள்கிறாள்.