ஓட்டில்லாத வீடு

தெருவில் மற்ற எல்லாக் கதவையும் தட்டிவிட்ட லோர்னா, அந்தக் கடைசி வீட்டுக்கு முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றாள். வெர்ஜினியாவில் தேர்தலுக்கு இன்னும் ஆறே நாள்.

கதவைத் திறந்த கிழவர் ஹாலிஸ், அவள் நீட்டிய துண்டறிக்கையை வாய்விட்டுப் படித்தார். “படுக்கையறைக்குள் நுழையும் பழைய சட்டத்தை ஒழிப்போம். நல்ல காரியம்தாம்மா. ஆனா எனக்கு ஓட்டு கிடையாதே! ஆம்பளையும் ஆம்பளையும் சேந்திருந்தாக் குத்தம்னு இதே சட்டத்துலதான் என்னையும் வென்டலையும் சேத்துப் பிடிச்சு உள்ள போட்டாங்க. இந்த மாநிலத்துல ஜெயிலுக்குப் போனவனுக்கு வெளிய வந்தாலும் ஏது ஓட்டு? பாவம், வென்டல் உள்ளேயே போய்ச் சேந்துட்டான்.”

லோர்னா துண்டறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “தேர்தல் பலகை ஒண்ணு... வாசல்ல நடட்டுமா சார்?”

“அந்த வேலியோரமா நடு. பக்கத்து வீட்டு டெல்பர்ட்தான் போலீஸ் ஷெரீப்புக்குப் போன் பண்ணி எங்களைக் காட்டிக் குடுத்தவன். அவன் வீட்டு ஜன்னல்லேருந்து பாத்தாத்தான் என் ரூம் தெரியும். சாகக் கிடந்தப்ப என்னைப் பாக்கணும்னு சொல்லியனுப்பினான். நான் போகலையே! இப்ப அவன் ஆவி வந்து படிக்கட்டும்.”

பலகையின் கம்பி மண்ணில் இறங்கவில்லை. அவள் கண் டெல்பர்ட் வீட்டு ஜன்னல் மேலேயே இருந்தது.

“கொடும்மா, நான் அடிக்கறேன். அவனுக்கு ஒரு பொண்ணு இருந்தா. தங்கமான பிள்ளை. அப்பன் பண்ணின காரியம் தெரிஞ்சிருந்தா துடிச்சுப் போயிருக்கும்.”

நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை லோர்னா அப்போதுதான் சொன்னாள்.

“சார், அன்னைக்கு எங்கப்பா ஊர்லயே இல்ல. வீட்ல இருந்தது நான் ஒருத்திதான்.”