பேர் சொல்லாதது

அந்த ஊரில் சுவருக்கு உண்மையிலேயே காது உண்டு. யார் 'வசம்பு' என்று சொன்னாலும் வீட்டுச் சுவர் பதிந்துகொள்ளும். அந்தச் செடிக்கு உரிமை வாங்கிய நிறுவனம் அந்த வீட்டார்மேல் வழக்குப் போடும்.

வாசனையை வைத்துத்தான் நிறுவனத்தின் ஆய்வாளர் இளம்பரிதி மதிவதனியின் கொல்லைக்கு வந்து சேர்ந்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கும் சேற்றில் இலைகள் வாள் வாளாக நின்றன. அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் கையில் அந்த வேரை நறுக்கிக் கோத்த வளையல். சந்தேகமே இல்லை. ஆனால் பெயர் சுவரில் பதிவானால்தான் வழக்கு நிற்கும்.

"இது என்ன செடிம்மா?"

"பேர் சொல்லாதது."

"பேரைச் சொல்லும்மா."

"விளக்கு வச்சப்புறம் சொன்னா பிள்ளைக்கு ஆகாதுன்னு எங்கம்மா சொல்ல மாட்டாங்க. உங்க சுவர் வந்ததுலேருந்து நான் பகல்லயும் சொல்றதில்ல."

"சரி, நானே சொல்லிக்கிறேன்" என்று அவர் கொல்லைச் சுவரை நோக்கித் திரும்பினார்.

மதிவதனி விறுவிறுவென்று உள்ளே போய் விளக்கை ஏற்றினாள். வெளியே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து குழந்தையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"விளக்கு வச்சாச்சு. இப்ப இவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

இளம்பரிதி வாயைத் திறந்தார். அவரும் அந்த வளையல் போட்டு வளர்ந்தவர்தான். குழந்தை அவர் மூக்கைப் பிடித்தது.

"செடியின் பெயரைச் சொல்லவும்" என்றது சுவர்.

"பேர்... பேர் சொல்லாதது."

"அப்படி ஒரு செடி பதிவில் இல்லை."

"கேட்டுச்சுல்ல?" என்றாள் மதிவதனி. "வாசல் அந்தப் பக்கம்."