வாங்க, ஷாலினி மேரி

லேப்டாப் திணறுகிறதே என்று பெனடிக்ட் பிரவுசரில் சேர்ந்திருந்த குக்கீகளை மொத்தமாக அழித்தார். வீடு பெருக்காத மனிதருக்கு அதில் மட்டும் அத்தனை சுத்தம். உள்ளே நுழைந்த ஆளின் பெயரை நினைவில் வைத்திருந்த குக்கீயும் போயிற்று. அதுவரை துணிக்கடையின் இணையதளத்தைத் திறந்தால் "வாங்க, ஷாலினி மேரி" என்று வரும். இறந்த மனைவியின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் சிமெண்ட் ஆலைக்கு பஸ் ஏறுவார். பாஸ்வேர்டு அவளுக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பெயர் திரும்பியிருந்தது. வாங்கும் கூடையில் அவர் அளவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை.

அன்றே லேப்டாப்பை அரியலூரில் பழுதுபார்க்கும் சரத்குமாரிடம் கொடுத்தார்.

"அழிச்ச குக்கீ தானா முளைக்குமா தம்பி?"

"முளைக்காதுண்ணே. நேத்து மத்தியானம் ரெண்டேகாலுக்கு யாரோ பாஸ்வேர்டு அடிச்சிருக்காங்க."

"வூடு பூட்டிக் கெடந்துச்சேப்பா. வேற எங்கேருந்தாவது அடிச்சிருப்பாங்களோ?"

"இல்லண்ணே. இதுலயேதான் அடிச்சிருக்காங்க. மொதத் தடவையே சரியா."