நனையாத ரோமம்

புயல் மழை விட்ட காலையில் மேய்ப்பர் பூலாண்டி நாயோடு ஆட்டுக்கிடைக்கு ஓடிவந்தார். வலையடைப்பின் ஒரு மூலையில் பதினெட்டுச் செம்மறிகள் குவியலாகச் செத்துக் கிடந்தன.

"பாழாப்போன குளிர் வாரிக்கிட்டுப் போயிடுச்சே!" என்று தலையில் கைவைத்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாய் செத்த ஆடுகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. பிறகு ஈரம் சொட்ட நின்ற மற்ற ஆடுகளில் பெரிய கிடாவிடம் வந்தது.

"எப்படிண்ணே செத்தாங்க?"

"குளிர்தான். காத்துக்குப் பயந்து எல்லாரும் அந்த மூலையில ஒண்டினோம். சின்ன உடம்பு, தாங்கல."

"நீங்க தொப்பலா நனைஞ்சிருக்கீங்க. அவங்க ரோமம் பஞ்சு மாதிரி காஞ்சிருக்கே. நனையாதவங்க எப்படிக் குளிர்ல சாவாங்க?"

கிடா அசைபோட்டது.

"அவங்க முதுகெல்லாம் குளம்புத் தடம் வேற" என்றது நாய்.

கிடாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பின்னே? அவங்க மேல ஒரு சொட்டு மழை படாம ராத்திரி முழுக்க ஏறி நின்னது யாருன்னு நினைக்கிறே?"