சத்தமில்லாத ஃபேன்

ரிப்பேர்காரர் கம்ப்யூட்டரைத் திறந்ததிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தான்.

"கம்ப்யூட்டர்ல 3D வீடு வரையற வேலைன்னா கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் அலறத்தான் செய்யும். இதைப் போய் எதுக்கு மாத்தணும்?"

"ஃபேனா இது? வீட்டுக்குள்ள மாவு மில்லு வெச்ச மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"சத்தமில்லாத ஃபேன்ல காத்து பத்தாது. கார்டு சூடாயிடும்."

"அதெல்லாம் ஆகாது சார், நான் பொறுப்பு" என்றார் ரிப்பேர்காரர்.

ஹாலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே! அதைக் கேட்டாத்தான் மாப்பிள்ளை வேலையில இருக்கார்னு எனக்கு நிம்மதி."

"கேட்டியா?" என்று ஆவலோடு திரும்பினான். அவள் மசியவில்லை.

புது ஃபேனை மாட்டியாயிற்று. திரையில் அவன் வரைந்த நீச்சல்குள வீடு மெல்லச் சுழன்றது. கம்ப்யூட்டர் மூச்சுக்கூட விடவில்லை.

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு லீவா?" என்றார் மாமனார்.

அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

ரிப்பேர்காரர் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள்.

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். ரெண்டு மாசமா இந்த ஒரே வீட்டைத்தானே சுத்த விட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்க? வேலை போனது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் தணிந்த குரலில். "தலைவலிதான் தாங்கல. இனிமேலாவது சத்தமில்லாம வேற வேலை தேடுங்க."